நாளுக்கு மூன்று வரி: ஆண்டவரின் அன்றாட நன்மைகளைக் கண்டு ஸ்தோத்திரிக்கும் முறை

குடும்ப ஜெபத்தில் நன்றி சொல்லும் பகுதி பெரும்பாலான வீடுகளில் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. "இந்த நாள் முழுவதும் காத்தீரே, ஸ்தோத்திரம். உண்ண உணவும் உடுக்க உடையும் தந்தீரே, ஸ்தோத்திரம்." அதற்குப் பிறகு விண்ணப்பங்கள் பத்து நிமிடம் ஓடும். அந்த விண்ணப்பங்களில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்று பாருங்கள். மகனின் தேர்வுத் தேதி, ஆச்சியின் முழங்கால் வலி, வீட்டுக்கடன் தவணை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, நாள் உண்டு. நன்றிக்கு மட்டும் பெயரும் இல்லை, நாளும் இல்லை.

இது பக்திக் குறைவு அல்ல. பகலில் கண்ணில் படாததை இரவில் வாய் சொல்லாது, அவ்வளவுதான். ஆகவே நன்றி சொல்லப் பழகுவதற்கு முன்னால் பார்க்கப் பழக வேண்டும். கீழே உள்ள முறை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது: எந்த நன்மையையும் அதன் பெயர் சொல்லி, அது வந்த கையைச் சொல்லி, வந்த நேரத்தைச் சொல்லி ஸ்தோத்திரிப்பது.

வேதத்திலேயே இதற்கு நல்ல மாதிரி இருக்கிறது. 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள். ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகிறது. பின்பாதி மாறுவதில்லை, முன்பாதி ஒவ்வொரு முறையும் மாறுகிறது. சூரியன், சந்திரன், சிவந்த சமுத்திரம், வனாந்தரம். ஜெயித்த ராஜாக்களைக்கூட "சத்துருக்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல் சீகோன், ஓக் என்று பெயர் சொல்கிறது. அத்தனை பெரிய காரியங்களையும் பாடி முடித்து, கடைசிக்கு முந்தின வசனத்தில் எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? சாப்பாட்டில். மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறவர் என்று. கடலைப் பிளந்ததும் கஞ்சி ஊற்றியதும் ஒரே பட்டியலில் இருக்கின்றன.

நோட்டு

192 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். செல்போனில் எழுதலாமே என்று தோன்றும். எழுதலாம், ஆனால் அதைத் திறந்ததும் வாட்ஸ்அப் வந்து நிற்கும், நோட்டில் அந்தத் தொல்லை இல்லை. வேதாகமத்தின்மேல் பேனாவோடு சேர்த்து நோட்டை வையுங்கள். பேனா தேடப் போகிறவர் பாதி நாள் திரும்பி வருவதில்லை, ஆகையால் பேனாவை நூலால் கட்டிவிடுவது நல்லது.

இடப்பக்கம் விண்ணப்பங்களுக்கு. வலப்பக்கம் நன்மைகளுக்கு. ஒரு வலப்பக்கத்தில் நான்கு நாள் அடங்கும். ஒரு நாளுக்கு மூன்று குறிப்பு, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வரி. இந்தக் கணக்கில் ஒரு நோட்டு ஒரு வருடத்துக்குப் போதும்.

ஏன் மூன்று? ஒன்று மட்டும் என்றால் அன்றைய பெரிய காரியத்தை எழுதி முடித்துவிடுவோம். பத்து என்றால் ஐந்தாவதிலேயே "காற்றுக்கு நன்றி, தண்ணீருக்கு நன்றி" என்று நிரப்பத் தொடங்கிவிடுவோம். மூன்று என்றால் முதலாவது தானாக வரும், இரண்டாவது கொஞ்சம் யோசித்தால் வரும், மூன்றாவதுக்கு நாளைத் திரும்ப ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அந்த மூன்றாவதில்தான் இந்தப் பழக்கத்தின் பலனே இருக்கிறது.

எழுதும் விதத்துக்குச் சில உதாரணங்கள்.

"நல்ல சுகத்துக்கு ஸ்தோத்திரம்" என்பது போதாது. "அம்மாவுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை இன்று 130, போன மாதம் 190. காலையில் பார்த்த செவிலியர் ஊசியை எங்கே போட வேண்டும் என்று இரண்டு தடவை பொறுமையாகக் காட்டினார்" என்று எழுதுங்கள்.

"பயணத்தில் காத்தீர்" என்பதற்குப் பதிலாக, "மழையில் ஸ்கூட்டர் நின்றது, நின்ற இடம் பெட்டிக்கடை வாசல். கடைக்காரர் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். மாலை ஆறு மணி."

"பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரம்" என்பதற்குப் பதிலாக, "சின்னவள் இன்று தன் பங்கு மாம்பழத்தில் பாதியை அண்ணனுக்கு வைத்திருந்தாள், யாரும் சொல்லாமலே."

மூன்றிலும் கவனித்தீர்களானால், என்ன என்பதும், யார் கையால் என்பதும், எப்போது என்பதும் ஏதோ ஒரு விதத்தில் வந்துவிடுகின்றன. கையைக் குறிப்பது மிக முக்கியம். ஆண்டவர் மன்னாவை வானத்திலிருந்து பொழிந்தது உண்டு, ஆனால் நம் நாட்களில் அவர் கொடுப்பதில் பெரும்பங்கு யாராவது ஒருவரின் கை வழியாகத்தான் வருகிறது. அந்தக் கையை எழுதாவிட்டால் அந்த மனிதரை மறந்துவிடுவோம். அவரை மறந்த நன்றி பாதி நன்றிதான்.

இடப்பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு விண்ணப்பம் எழுதும்போது தேதி போடுங்கள். அது கைகூடிய நாளில் அதே வரியின் முனையில் இன்னொரு தேதி போட்டு, வலப்பக்கத்தில் நன்மையாக எழுதுங்கள். இதைச் செய்து பார்க்காதவர்களுக்கு இதன் அருமை தெரியாது. காய்ச்சல் விட வேண்டும் என்று அழுது ஜெபிக்கிறோம், விட்ட மூன்றாம் நாள் அதை மறந்துவிடுகிறோம். இயேசுவின் சொல்லால் குஷ்டரோகிகள் பத்துப் பேர் சுத்தமானார்கள், நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் யூதர்கள் அந்நியனாக எண்ணின சமாரியன். மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர்கள் இயேசு சொன்ன இடத்துக்குத்தான் போனார்கள், போன வேகத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது தேதி போடுவது என்பது திரும்பி வருவது.

கைகூடாத விண்ணப்பங்கள் இருக்கும். அவற்றின் முனையைக் காலியாகவே விடுங்கள். "கிடைக்கவில்லை" என்று எழுத வேண்டாம், அடிக்கவும் வேண்டாம்.

எப்போது பார்ப்பது

நாள் முழுவதும் கண்ணை விரித்துக்கொண்டு இருக்க யாராலும் முடியாது. மூன்று நேரங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: விழித்தவுடன், சாப்பிட உட்காரும்போது, விளக்கை அணைக்குமுன்.

விழித்தவுடன் என்றால் கால் தரையில் படுவதற்கு முன்னால், செல்போனை எடுப்பதற்கும் முன்னால். பத்து மூச்சு போதும், முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொன்றையும் உள்ளே போவதும் வெளியே வருவதுமாகக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று நம் பழைய நூல்கள் சொல்லும். நிமிடத்துக்கு 15 என்று வைத்தால் கணக்கு அப்படியே வருகிறது. இதில் தூங்கின ஏழு மணி நேரத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். அதில் ஒன்றைக்கூட நீங்கள் நினைவுவைத்து இழுக்கவில்லை. அவருடைய இரக்கங்களைப் பற்றி, "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று புலம்பல் புத்தகத்தில் இருக்கிறது. எருசலேம் எரிந்து கிடந்தபோது எழுதின வார்த்தை அது. சௌகரியமான காலையில் எழுதினதாக நினைத்துவிட வேண்டாம்.

சாப்பாட்டு நேரத்துக்கு ஒரே ஒரு மாற்றம் செய்தால் போதும். ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதற்கு முன் தட்டைப் பாருங்கள். முழுதாக மூன்று வினாடி. பார்த்துவிட்டு, அதில் உள்ள ஒன்றின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை பலகாரத்தின்போது, அந்த ஒன்றை அதன் தொடக்கம் வரைக்கும் பின்னோக்கிக் கொண்டுபோங்கள். இட்லியை எடுத்துக்கொள்வோம். நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. அரைத்து உப்புப் போட்டு மூடி வைத்தது நேற்று இரவு. எட்டு, பத்து மணி நேரம் நீங்கள் தூங்கினீர்கள், மாவு பொங்கியது. பொங்க வைத்தது உங்கள் கை அல்ல. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இரவெல்லாம் வேலை செய்திருக்கின்றன. விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் எழுந்திருக்க, அவனுக்குத் தெரியாத விதமாய் விதை முளைக்கிறது என்று மாற்கு நான்காம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையை அந்த மாவுப் பானை ஒவ்வொரு காலையும் நமக்குச் செய்து காட்டுகிறது.

இன்னும் பின்னால் போங்கள். அரிசி ஆலை, களத்தில் நெல்லைத் துழாவிக் காயவைத்தவர்கள், சேற்றில் குனிந்து நாற்று நட்டவர்கள். குறுகிய காலப் பயிரென்றாலும் நெல்லுக்குப் பொதுவாக ஏறத்தாழ 105 நாள் வேண்டும். மூன்றரை மாதம் வளர்ந்ததை மூன்று நிமிடத்தில் சாப்பிடுகிறோம். உப்பு வேறு. தூத்துக்குடி உப்பளங்களில் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியுமுன்னே பாத்தியில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும்.

இங்கே ஒரு கவனம் தேவை. மழை பெய்தால் நெல் விவசாயி ஸ்தோத்திரம் சொல்வார், உப்பளத்தில் பாத்தி கரைந்துபோகும். ஒரே மழைதான். நமக்கு நன்மையாக வந்தது பக்கத்து ஊரில் இன்னொருவரின் கூலியை நிறுத்தியிருக்கலாம். அதனால் மழைக்கு நன்றி சொல்லாமல் இருக்க வேண்டாம். வலப்பக்கத்தில் மழையை எழுதிய கையோடு இடப்பக்கத்தில் அவர்களை எழுதுங்கள். நன்மைகளைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கிய வீட்டில் விண்ணப்பங்களும் மெல்ல மாறும். தன் வீட்டைத் தாண்டிப் போகத் தொடங்கும்.

மூன்றாவது நேரம், விளக்கை அணைக்குமுன். அப்போதுதான் எழுதுவது. அன்றைய நாளை இடம் இடமாக நடந்து பாருங்கள்: வீடு, தெரு, பேருந்து, வேலை செய்யும் இடம், கடை, திரும்ப வீடு. மணிக் கணக்காக நினைத்துப் பார்த்தால் காரியங்கள் நழுவும், இடக் கணக்காகப் பார்த்தால் முகங்கள் வரும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் செய்யுங்கள்.

குடும்ப ஜெபத்தில்

மொத்தம் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் வேதவாசிப்புக்கு இரண்டு, நன்றிக்கு நான்கு, பேசாமல் இருக்க ஒன்று, விண்ணப்பத்துக்கு நான்கு, பரமண்டல ஜெபத்துக்கு ஒன்று. நன்றி விண்ணப்பத்துக்கு முன்னால் வர வேண்டும். கவலைகளை எடுத்துப் போட்டபின் நன்மைகளைத் தேடினால் மனசு அங்கிருந்து திரும்பாது. பேசாமல் இருக்கும் அந்த ஒரு நிமிடத்தை யாரும் பாட்டுப் பாடி நிரப்ப வேண்டாம். நிறைய வீடுகளில் அன்று நடந்த மிக ஆழமான காரியம் அந்த நிமிடத்தில்தான் நினைவுக்கு வருகிறது.

முதலில் பேசுகிறவர் அளவுகோலை நாட்டிவிடுகிறார். அப்பா முதலாவதாகச் சம்பள உயர்வுக்கு நன்றி சொன்னால், பிள்ளைகள் தங்களிடம் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆகவே பெரியவர்கள் சின்னதைச் சொல்லித் தொடங்க வேண்டும். "மத்தியானம் கரண்ட் போனபோது வேப்பமரத்தடியில் காற்று வந்தது" என்பது மிக நல்ல தொடக்கம்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் "எதுக்கு நன்றி சொல்லணும்?" என்று கேட்காதீர்கள். அது பள்ளிக்கூடக் கேள்வி. சரியான விடை எது என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். "இன்னைக்கு உனக்கு எது பிடிச்சுது?" என்று கேளுங்கள். நாய்க்குட்டி என்று சொன்னால், "நாய்க்குட்டிக்காக ஸ்தோத்திரம், ஆண்டவரே" என்று அப்படியே ஜெபியுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் அதே நாய்க்குட்டி வரும். திருத்த வேண்டாம்.

பதின்வயதுப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார்கள். எழுதட்டும், வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. அவர்களுக்குத் தனி நோட்டு கொடுத்து, அதை யாரும் திறக்கமாட்டோம் என்று சொல்லி, சொன்னபடி திறக்காமல் இருங்கள். ஒருமுறை திறந்துவிட்டால் அந்தப் பழக்கம் அந்த வீட்டில் முடிந்தது.

நினைவு தப்பும் பெரியவர்கள் இருந்தால் "இன்று என்ன நடந்தது" என்று கேட்பது அவர்களை நோகடிக்கும். கையில் இருப்பதைக் கேளுங்கள். போர்வை கதகதப்பா இருக்கா, காப்பி ருசியா இருந்துச்சா. அதற்கு அவர்கள் தலையசைத்தால் அதுவே அவர்களின் ஸ்தோத்திரம், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாரின் வார்த்தையைப் பேரப்பிள்ளை எழுதலாம், அவர்கள் சொன்ன பேச்சு வழக்கிலேயே.

பிடி அரிசி

வாயால் சொல்லும் நன்றிக்குக் கையால் செய்யும் ஒன்று துணையாக வேண்டும். நம் சபைகளில் பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்த பிடி அரிசியைவிட எளிய வழி இல்லை. மிசோரம் சபைப் பெண்கள் 1910 முதல் இதைச் செய்துவருகிறார்கள், அங்கே ஊழியத்தைத் தாங்கும் அளவுக்கு அது வளர்ந்து நிற்கிறது.

உலைக்கு அரிசி அளந்தபின், அந்த அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். மூட்டையிலிருந்து தனியாக எடுத்தால் அது உபரியிலிருந்து கொடுப்பது. அளந்ததிலிருந்து எடுத்தால் தன் தட்டிலிருந்து கொடுப்பது. போடும்போது அன்றைய ஒரு நன்மையைச் சொல்லிப் போடுங்கள். ஒரு பிடி ஏறத்தாழ 40 கிராம் இருக்கும். நாளுக்கு ஒருமுறை என்றால் மாதம் ஒன்றேகால் கிலோ. நான்கு வீடுகள் சேர்ந்தால் ஐந்து கிலோ, தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கு அது பெரிய உதவி.

இதில் கெட்டுப்போவது இரண்டு. ஒன்று, அரிசியில் வண்டு விழும். ஈரக்கையால் போடாதீர்கள், டப்பாவில் நன்றாகக் காய்ந்த வேப்பிலையோ நான்கைந்து காய்ந்த மிளகாயோ போட்டு வையுங்கள், மாதம் தவறாமல் காலிசெய்துவிடுங்கள். இன்னொன்று, நாம் சாப்பிடாத அரிசியை அந்த டப்பாவில் தள்ளிவிடும் பழக்கம். வீட்டில் உண்ணும் அரிசி எதுவோ அதுதான் அதிலும். கொடுக்கும்போது பெயர் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

ஆலயத்தில் பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் ஸ்தோத்திர காணிக்கை உறையில் போட்டுக் கொடுக்கிறோம். உறையின்மேல் "பிறந்தநாள் ஸ்தோத்திரம்" என்று மட்டும் எழுதாமல், நோட்டைப் புரட்டி அந்த வருடத்தின் ஒரு நன்மையை ஒரே வரியில் எழுதுங்கள். அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோவதும் அப்படியே. காலையில் கடையில் வாங்கின பழத்தைவிட வீட்டு முருங்கையில் ஒடித்த நான்கு காயும், வளர்த்த கோழியின் ஆறு முட்டையும் அந்தப் பண்டிகைக்குப் பொருத்தம். நிலம் இல்லாதவர்கள் மொட்டைமாடித் தொட்டியில் விளைந்த கீரைக்கட்டைக் கொண்டுவரலாம். மூன்று வாரத்தில் வந்துவிடும், பண்டிகைத் தேதியைப் பார்த்து விதைத்தால் போதும்.

நன்றி வராத நாட்கள்

சாவு விழுந்த வீட்டில், வேலை போன வாரத்தில், மருத்துவர் அறிக்கையைக் கையில் கொடுத்த மாலையில் இந்த நோட்டை எடுக்க மனம் வராது. வர வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவும் கூடாது. துக்கத்தில் இருக்கிறவரிடம் போய் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று வசனம் சொல்லுகிறவர்கள் அவருடைய காயத்தில் கைவைக்கிறார்கள். அந்த வசனத்தை எழுதின பவுலே "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்றும் எழுதினார். வரிசை முக்கியம், முதலில் அழ வேண்டும்.

13ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்ற கேள்வியோடு தொடங்குகிறது, அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறது. கடைசி வசனத்தில்தான் "கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால் அவரைப் பாடுவேன்" என்று வருகிறது. அந்த நாட்களில் உங்கள் நோட்டிலும் அப்படியே செய்யுங்கள். இடப்பக்கத்தில் முறையீட்டை எழுதுங்கள், எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும். வலப்பக்கத்தைச் சும்மா விடலாம். முடிந்த நாளில் ஒரே வரி: யார் வந்தார்கள், யார் காப்பி போட்டுக் கொடுத்தார்கள், யார் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நோய்க்கு நன்றி சொல்லச் சொல்லவில்லை. நோயின் நடுவில் வந்த கையைக் குறிக்கத்தான் சொல்கிறோம். எழுதவே முடியாத வாரங்களில் வீட்டிலுள்ள இன்னொருவர் பழைய பக்கங்களில் ஒன்றை மெதுவாக வாசிக்கட்டும். அந்த நாளுக்காகத்தான் நல்ல நாட்களில் இவ்வளவு விவரமாக எழுதி வைப்பது. "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று தாவீது தன் ஆத்துமாவுக்கே சொன்னான் என்றால், ஆத்துமா மறந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

எங்கே பிசகும்

மிகப் பெரிய பிசகு, ஒப்பிட்டு நன்றி சொல்வது. "அந்த வீட்டைப் பாருங்கள், நமக்கு அந்த நிலைமை வரவில்லையே, ஸ்தோத்திரம்." கேட்க நன்றி போலவே இருக்கும். ஆனால் லூக்கா 18இல் பரிசேயன் செய்த ஜெபமும் ஸ்தோத்திரத்தில்தான் தொடங்கியது. மற்ற மனுஷரைப்போல நான் இல்லை, அதற்காக ஸ்தோத்திரம் என்றான், நீதிமானாக்கப்படாமல் வீட்டுக்குப் போனான். நோட்டில் "அவர்களைப்போல", "அவர்களைவிட" என்ற சொற்கள் வந்தால் அந்த வரியை மாற்றி எழுதுங்கள். அடுத்தவரின் இழப்பை எடுத்துவிட்டாலும் உங்கள் நன்மை நன்மையாகவே நிற்க வேண்டும்.

இரண்டாவது, சாட்சி பெருமையாக மாறுவது. சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும்போது தொகையையும் பட்டத்தையும் சொன்னால், அவை கிடைக்காத பத்துப் பேர் அங்கே தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். வந்த கையையும் வந்த நேரத்தையும் சொல்லுங்கள், தொகையை விட்டுவிடலாம்.

மூன்றாவது பிசகு பேரம். நிறைய நன்றி சொன்னால் நிறையக் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால், கிடைக்காத அன்று நன்றியும் நின்றுவிடும்.

ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. இரண்டு வாரமாக "காப்பி" என்றே எழுதியிருந்தால் அது தவறில்லை, ஆனால் கண் மங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். அப்போது வாரத்துக்கு ஒரு பொருள் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வாரம் கேட்ட ஒலிகள் மட்டும், மறு வாரம் தண்ணீர் தொட்ட இடங்கள் மட்டும், அடுத்த வாரம் பெயர் தெரியாத மனிதர்கள் மட்டும். பால் போடுகிறவர், குப்பை வண்டிக்காரர், நடத்துநர், வாசல் பெருக்குகிறவர் என்று எழுதத் தொடங்கினால் மூன்றாம் நாளே அவர்களின் பெயரைக் கேட்கத் தோன்றும். கேளுங்கள்.

விட்டுப்போன நாட்களைச் சேர்த்து எழுத உட்காராதீர்கள். ஐந்து நாள் விட்டுப்போனால் ஐந்து நாளும் போனவைதான். இன்றைய தேதி போட்டு இன்றையதை எழுதுங்கள்.

மாத முடிவும் ஆண்டு முடிவும்

மாதத்தின் கடைசி சனிக்கிழமை பதினைந்து நிமிடம் ஒதுக்கி அந்த மாதத்துப் பக்கங்களை வாசித்து, ஒரு வரியை மட்டும் சிவப்பு மையால் கோடிடுங்கள். எதைக் கோடிடுவது என்பதில் வீட்டில் வாக்குவாதம் வரும். நல்ல வாக்குவாதம், அது நடக்கட்டும். இப்படிச் செய்தால் வருட முடிவில் பன்னிரண்டு வரிகள் கையில் இருக்கும். செய்யாவிட்டால் ஆயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புகளில் எதை எடுப்பது என்று தெரியாமல் நோட்டை மூடிவைத்துவிடுவோம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்தப் பன்னிரண்டையும் மாத வரிசையில் வாசியுங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் வீட்டார் எல்லோரும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சொல்லலாம். அது உங்கள் வீட்டின் 136ஆம் சங்கீதம். நம் பக்கத்தில் வாசலில் "எபெனேசர்" என்று எழுதின வீடுகள் எத்தனையோ உண்டு. சாமுவேல் அந்தப் பெயரிட்டு ஒரு கல்லை நாட்டினது "இம்மட்டும்" என்று சொல்லத்தான், இந்த இடம்வரைக்கும் என்று. அதுவும் ஒரு இடக் குறிப்புதான்.

நோட்டின் கடைசி இரண்டு பக்கங்களை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். வலப்பக்கக் குறிப்புகளில் வந்த மனிதர்களின் பெயர்களை அங்கே சேர்த்துக்கொண்டே வாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் கொடுக்கப் போகும்போது இந்தப் பட்டியலைப் பார்த்துப் போங்கள். பலகாரத்தைக் கொடுத்துவிட்டு "ஹேப்பி கிறிஸ்துமஸ்" என்று திரும்பிவிடாமல், அவர் செய்ததைச் சொல்லுங்கள்: "ஆகஸ்டில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்னைக்கு எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு நீங்கதான் சாப்பாடு போட்டீங்க அக்கா." பெரும்பாலும் அவருக்கே அது மறந்துபோயிருக்கும். தொலைவில் இருக்கிறவர்களுக்குப் போன் போடுங்கள், குறுஞ்செய்தியோடு விட்டுவிட வேண்டாம். பட்டியலில் உள்ளவர் காலமாகியிருந்தால் அவருடைய பிள்ளைகளிடம் போய், தேதியோடு, நோட்டில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுங்கள்.